வாசகர் கேள்வி – பதில்: கூடைப்பந்தாட்டத்தில் உதவிப் பயிற்றுவிப்பாளர்

கேள்வி: பாடசாலை அணியிலும் பின்னர் பல்கலைக்கழக அணியிலும் கூடைப்பந்தாட்டம் விளையாடினேன், தேசிய அணிக்குத் தெரிவாகவில்லை. பயிற்றுவிப்பாளராக விரும்புகிறேன். “விளையாடி மேலே வராதவன் எதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறான்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.யில் ஆடும் அணிகளின் உதவிப் பயிற்றுவிப்பாளர்கள் எப்படி அந்த இடத்துக்கு வருகிறார்கள்?
– வாசகர், கல்லடி

பதில்: உங்கள் வீட்டாருக்குச் சொல்ல எரிக் ஸ்போல்ஸ்ட்ரா ஒருவரே போதும். போர்ட்லண்ட் பல்கலைக்கழக அணியில் பொயின்ட் கார்ட்டாக, அதாவது பந்தைக் கொண்டுசென்று தாக்குதலை வழிநடத்துபவராக, ஆடிய அவர், என்.பி.ஏ.யில் ஒரு போட்டியிலேனும் விளையாடியதில்லை. ஜேர்மனியில் சிறிது காலம் ஆடியும் பயிற்றுவித்தும் இருந்துவிட்டு, 1995இல் மியாமி ஹீட் அணியின் காணொளிப் பிரிவில் சேர்ந்தார். ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்து, வேண்டிய பகுதிகளைத் தொகுத்துக் கொடுப்பதே அங்கு அவருடைய வேலை. பிறகு உதவிப் பயிற்றுவிப்பாளராகி, 2008இல் தலைமைப் பொறுப்பை ஏற்று, 2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளிலும் அணிக்குச் சாம்பியன் பட்டம் பெற்றுக்கொடுத்தார்.

ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 போட்டிகள் ஆடுவதால், வரப்போகும் எதிரணிகளை உதவிப் பயிற்றுவிப்பாளர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு ஆராய்வது வழக்கம். எதிரணி வீரர் ஒருவர், இடப்பக்கத்தில் ஸ்கிரீன் (தம்மைக் காப்பவரின் வழியில் சக வீரர் ஒருவர் தடுப்பாக நின்றுகொடுப்பது) கிடைக்கும்போதெல்லாம் கூடையை நோக்கிப் பாயாமல், ஓரடி பின்வாங்கித் தூரத்திலிருந்து எறிகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைக் காப்பவர் ஸ்கிரீனுக்குப் பின்னால் சுற்றிப் போனால் அந்த எறிதலுக்கு இடங்கொடுத்துவிடுவார். ஆகவே முன்புறமாக அவரை ஒட்டியே போக வேண்டும். இதைப் பதிவில் கண்டுபிடிப்பதும், காலைப் பயிற்சியில் செய்துகாட்டுவதும், ஆட்டத்தின் சூட்டில் வீரர் மறந்துபோகும்போது இடைவேளை முடிவதற்குள் நினைவூட்டுவதும் உதவிப் பயிற்றுவிப்பாளரின் பொறுப்பு. களைத்து வந்து அமரும் வீரரின் காதில் பத்து விடயங்கள் ஏறா. கண்டதில் முக்கியமான ஒன்றைத் தெரிந்தெடுத்துச் சுருக்கமாகச் சொல்லும் ஆற்றலையே நான் இத்தொழிலின் முதற் தகுதியாகக் கருதுகிறேன்.

தலைமைப் பதவி கிடைக்காவிட்டால் வாழ்க்கை வீண் என்றும் எண்ண வேண்டாம். முக்கோணத் தாக்குதல் முறையைச் செம்மைப்படுத்திய டெக்ஸ் வின்டர், முன்பு தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர். ஆனால் சிக்காகோ புல்ஸ் 1991 முதல் 1998 வரை ஆறு பட்டங்களை வென்றபோது அவர் வகித்தது உதவிப் பயிற்றுவிப்பாளர் பதவியே. அந்த வெற்றிகளில் அவருடைய பங்கு மிகப் பெரியது.

கேள்வி: பெண்களுக்கு இத்துறையில் இடமுண்டா? நம் பகுதியில் இருந்துகொண்டு இதில் பிழைக்க முடியுமா?
– வாசகி, கல்முனை

பதில்: இடமுண்டு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய பெக்கி ஹாமன், 1999இல் எந்த அணியும் தெரிவுசெய்யாத நிலையில் மகளிர் தொழில்முறைக் களத்துக்கு வந்து நட்சத்திரமானவர். 2013இல் முழங்காலில் காயமுற்று ஓய்விலிருந்த காலத்தில், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஆண்கள் அணியின் பயிற்சிகளிலும் கூட்டங்களிலும் அமர்ந்து கவனித்தார்; மறு ஆண்டே அவ்வணி அவரை முழுநேர உதவிப் பயிற்றுவிப்பாளராக்கியது. பின்னர் லாஸ் வேகாஸ் ஏசஸ் மகளிர் அணிக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராகி 2022, 2023ஆம் ஆண்டுகளில் பட்டம் வென்றார். விளையாட முடியாத நாட்களிலும் அவர் கற்பதை நிறுத்தவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பிழைப்பைப் பொறுத்தவரை, கூடைப்பந்தாட்டத்தை மட்டும் நம்பி இங்கே குடும்பம் நடத்துவது கடினம் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. உடற்கல்வி ஆசிரியராகவோ விளையாட்டு உத்தியோகத்தராகவோ நிரந்தர வேலையொன்றைத் தேடிக்கொண்டு, மாலையில் பயிற்றுவிப்பதே நடைமுறைக்கு ஏற்றது. மட்டக்களப்பில் இவ்விளையாட்டு வேரூன்றியதும் அவ்விதமே. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார், தம் ஏனைய பணிகளுக்கிடையே புனித மிக்கேல் கல்லூரி மாணவரைப் பயிற்றுவித்தார். 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போன அவரை, எங்கள் மண்ணின் மகத்தான பயிற்றுவிப்பாளராகவே நான் மதிக்கிறேன்.

அடுத்த பாடசாலைப் போட்டியை உயரமான இடத்திலிருந்து கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு தாக்குதலிலும் பந்து யாரிடம் தொடங்கியது, ஸ்கிரீன் எங்கே இடப்பட்டது, எறிதல் எங்கிருந்து போனது என்று மட்டும் குறியுங்கள். அந்தக் குறிப்புடன் நீங்கள் படித்த பாடசாலையின் பயிற்றுவிப்பாளரைச் சந்தித்து, சிறுமியர் அணிக்கு உதவ அனுமதி கேளுங்கள்.