யூட்யூபின் ஆரம்ப காலத்தில் ஆட்கள் உண்மையாக இருந்தார்களா, இல்லை அப்போதும் இதே சண்டைதானா?

இரண்டும்தான். உண்மையாக இருந்தார்கள், அதனாலேயே சண்டையும் போட்டார்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் "நீ காட்டுவது நிஜமா, நடிப்பா?" என்ற கேள்வியில் தொடங்கியவை. அதில் ஒன்றை ஊதிப் பெரிதாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2006 கடைசியில் கோயம்புத்தூரில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் சேர்ந்தேன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து மிதித்துக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். பெடலை ஒரு பக்கம் மிதித்தால் ஓடும், இன்னொரு பக்கம் மிதித்தால் பின்னால் போகும். முதல் மாதம் நான் பின்னால் போனதுதான் அதிகம். சிலர் பர்கரைக் கடித்துக்கொண்டே டிக்டேஷன் கொடுப்பார்கள், நம்புங்கள். எங்கள் எடிட்டர் அக்கா ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் கொடுத்தார்: "காதுல உழுகறத மட்டும் அடி கண்ணு. உழுகலீன்னா ப்ளாங்க் உட்டுட்டுப் போயிரு. நீயா ஒண்ண நெனச்சுக்கிட்டு அடிக்காத."

அந்த உச்சரிப்பு காதில் ஏற வேண்டுமே என்றுதான் யூட்யூப் பக்கம் போனேன். வீட்டில் 256 கேபிபிஎஸ் இணைப்பு. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு, ஆனால் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை பார்ப்பது கணக்கில் வராது. அதனால் 2 மணிக்கு அலாரம். நமக்கு நடுஜாமம் என்றால் ஓஹாயோவில் சாயங்காலம், இங்கிலாந்தில் சாப்பாடு முடிந்த நேரம். அவர்கள் வெப்கேம் முன்னால் வந்து உட்காரும் சமயத்துக்கு நானும் சரியாக எழுந்திருப்பேன். வீடியோவை ஓடவிட்டு நிறுத்தி, கோடு முழுவதும் நிறையும்வரை முகம் கழுவிவிட்டு வந்து பார்ப்பேன்.

எனக்கு முதலில் பிடித்துப்போனவர் ‘ஜெரியாட்ரிக்1927’ என்ற பெயரில் பேசிய பீட்டர் ஓக்லி. பெயரில் இருக்கும் எண் அவர் பிறந்த வருடம். இங்கிலாந்துக்காரர், மனைவியை இழந்தவர். 2006 ஆகஸ்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டுத் தடுமாறி முதல் வீடியோ போட்டார். சில வாரங்களிலேயே மொத்த யூட்யூபிலும் அதிக சந்தாதாரர்கள் உள்ள ஆளாகிவிட்டார். அவர் வீடியோவில் ஒன்றும் நடக்காது. ஒரு தாத்தா தன் சின்ன வயசுக் கதையைச் சொல்வார், அவ்வளவுதான். பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் கீழே வரிசையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2014-இல் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, தனக்குப் புற்றுநோய் என்று சொல்லி விடைபெற்றுவிட்டுத்தான் போனார். அந்தக் கடைசி வீடியோவை நான் இன்றுவரை இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் ‘லோன்லிகேர்ள்15’. 2006 ஜூனில் ப்ரீ என்ற 16 வயதுப் பெண் தன் படுக்கையறையிலிருந்து பேச ஆரம்பித்தாள். வீட்டிலேயே படிப்பு, மதப்பற்று மிகுந்த கண்டிப்பான அப்பா அம்மா, டேனியல் என்று ஒரு நண்பன். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். வெளிச்சம் இவ்வளவு நன்றாக விழுகிறதே, எடிட்டிங் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று சிலருக்கு உறுத்தியது. தோண்டினார்கள். அந்தப் பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பமே போட்டிருந்தது தெரிய வந்தது. செப்டம்பரில் எல்லாம் வெளிவந்துவிட்டது: ப்ரீயாக நடித்தவர் ஜெசிகா ரோஸ் என்ற நடிகை, எழுதி எடுத்தவர்கள் மெஷ் ஃபிளிண்டர்ஸ், மைல்ஸ் பெக்கெட் என்ற இருவர். ப்ரீ பெயரில் ரசிகர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதியதும் அந்தக் குழுவில் ஒருவர்தான்.

நான் உள்ளே போனபோது அந்தப் புண் ஆறவில்லை. எல்லோரும் எல்லோரையும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஒருவர் அழுதால் "நல்லா நடிக்கற" என்று கமெண்ட் வரும். அழாவிட்டால் "மனசே இல்ல" என்று வரும்.

சண்டைக்கு அந்தத் தளமும் தோதாக இருந்தது. ஒரு கமெண்டுக்கு 500 எழுத்துதான். கோபமாக இருக்கும் ஒருவருக்கு அது எந்த மூலைக்கு? மிச்சத்தைச் சொல்ல ‘வீடியோ ரெஸ்பான்ஸ்’ என்று ஒன்று இருந்தது. பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். யாராவது சொன்னதற்கு நீங்கள் வெப்கேம் முன்னால் உட்கார்ந்து பேசி, அதை அவர் வீடியோவுக்குக் கீழேயே ஒட்டலாம். அவர் விருப்பப்பட்டால் அனுமதிப்பார், இல்லாவிட்டால் இல்லை. திட்டுவதாக இருந்தாலும் முகத்தைக் காட்டித்தான் திட்ட வேண்டும். போதாக்குறைக்கு "அதிகம் விவாதிக்கப்பட்டவை" என்று ஒரு பட்டியல். எது கண்ணில் படும் என்பதைச் சமாதானமா தீர்மானிக்கும்? அப்புறம் 5 நட்சத்திர மதிப்பெண். 2, 3, 4 எல்லாம் சும்மா பெயருக்கு. பெரும்பாலோர் 5 கொடுப்பார்கள், பிடிக்காதவர்கள் 1. யூட்யூபே 2009-இல் இதை ஒப்புக்கொண்டு, அடுத்த வருடம் நட்சத்திரங்களைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலைக் கொண்டுவந்தது.

சரி, எங்கள் சண்டைக்கு வருகிறேன்.

எங்கள் வட்டத்தில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பிரபலங்கள் யாரும் கிடையாது. ஓஹாயோவில் ஒரு பெண்மணி, ஸ்கூல் பஸ் ஓட்டுபவர், ஐம்பது வயதுக்கு மேல். சமையலறையில் உட்கார்ந்துதான் பேசுவார். இன்னொருவர் வட இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். அந்த அம்மா 2007-இல் ஒருநாள் தன் தாயார் இறந்ததைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். நடுவில் உடைந்து அழுதார். இரண்டு நாள் கழித்து எலக்ட்ரீஷியனின் ரெஸ்பான்ஸ் வந்தது: கண்ணீர் சரியாக வர வேண்டிய இடத்தில் வருகிறது, எனக்கு நம்பிக்கை இல்லை.

கேட்க அக்கிரமமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் கதை எனக்குப் பிறகு தெரிந்தது. அதற்கு முந்தைய வருடம் ப்ரீ தன் அப்பா அம்மாவைப் பற்றிப் புலம்பியபோது, இந்த மனிதர் ராத்திரி உட்கார்ந்து அவளுக்குப் பக்கம் பக்கமாக ஆறுதல் எழுதியிருக்கிறார். பதிலும் வந்திருக்கிறது. அதை பிரின்ட் எடுத்து வைத்திருந்தாராம். ஒருதடவை அப்படி ஏமாந்த மனுஷன் அடுத்த அழுகையை எப்படிப் பார்ப்பார்?

அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு நான் அந்த அம்மாவின் வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடக் கேட்டேன். அவர் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம். அந்தக் காலத்துப் படத்தின் தரத்தில் முள் தெரியாது, ஆனால் டிக் டிக் காதில் விழும். 4 நிமிடம் 12 விநாடியில் ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவே இடைவெளி சரியாக இல்லை. மூன்று தடவை பின்னால் போய்க் கேட்டேன், மேஜைக்கு அடியில் பெடல் இல்லாததுதான் குறை. சந்தேகமே இல்லை, அங்கே வெட்டியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் டாக்டர்களின் முணுமுணுப்பைக் கேட்டுப் பழகிய காது, அதைக் காட்டிக்கொள்ள இதுவரை ஒரு இடம் கிடைக்கவில்லை. ஒரே ஒரு கமெண்ட் போட்டேன்: "4:12-இல் ஒரு வெட்டு இருக்கிறது. கடிகாரச் சத்தம் தாவுகிறது." போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் 2 மணிக்குத் திறந்தால் 140-க்கு மேல் கமெண்ட். எங்கள் ஆட்களின் வீடியோவுக்கு 20 வந்தாலே அதிசயம். என்னுடைய இரண்டு வரியை அப்படியே தலைப்பாக வைத்து எலக்ட்ரீஷியன் இன்னொரு ரெஸ்பான்ஸ் போட்டிருந்தார். யாரோ அந்த அம்மாவின் மைஸ்பேஸ் (அந்தக் காலத்துச் சமூக வலைத்தளம்) பக்கத்தைக் குடைந்து, பள்ளிக்கூட நாடகத்தில் அவர் நடித்ததைக் கண்டுபிடித்திருந்தார். பள்ளிக்கூட நாடகம்! அவர் சோள ரொட்டி சுடுவதைக் காட்டிய பழைய வீடியோவில்கூட வரிசையாக 1 நட்சத்திரம். அந்த அம்மாவின் பக்கத்து ஆட்கள் சும்மா இருப்பார்களா? எலக்ட்ரீஷியனின் வீடியோக்களை யூட்யூபிடம் புகார் சொல்லி ஃபிளாக் செய்தார்கள், அவரை விட்டு விலகாதவர்களின் பட்டியலைப் போட்டார்கள். நாலு நாளில் வட்டம் இரண்டாகப் பிளந்தது. ஏழெட்டு பேர் கணக்கையே அழித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஐந்தாம் நாள் அந்த அம்மா பேசினார். அதே சமையலறை, அதே நாற்காலி. "ஆமாம், வெட்டினேன். அந்த இடத்தில் என் தம்பி பெயரைச் சொல்லிவிட்டேன். அம்மா போன அன்று அவன் வரவில்லை. அது எங்கள் வீட்டு விஷயம், உங்களுக்கு அல்ல" என்றார். அப்புறம் எழுந்து, கேமராவைத் தூக்கிக் கடிகாரத்தின் பக்கம் திருப்பி வைத்தார். பேச்சே இல்லை. வெறும் கடிகாரம், முழுசாக ஒரு நிமிடம். 60 டிக். நான் எண்ணினேன்.

அடுத்த ஷிஃப்டில் எடிட்டர் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"வெட்டிருக்குங்கறது நெசந்தான கண்ணு?"

"நெசந்தாங்க்கா. நான் பொய்யுன்னு ஒரு வார்த்தைகூட எழுதுலீங்க."

"அப்பறம் எதுக்கு எழுதுன?"

பதில் சொல்லத் தெரியாமல் என் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

அந்த மே மாதம்தான் யூட்யூப் சிலரை மட்டும் கூப்பிட்டு விளம்பர வருமானத்தில் பங்கு தரத் தொடங்கியது. அழைக்கப்பட்டவர்களில் லோன்லிகேர்ள்15 உண்டு. நடிப்பு என்று தெரிந்த பிறகும் கதை ஓடிக்கொண்டுதான் இருந்தது, பார்ப்பவர்களும் இருந்தார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் அதைப் பற்றி வீடியோ போடவில்லை. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் விட்ட ஒரே நல்ல சந்தர்ப்பம் அதுதான். காசு வந்த பிறகு சண்டையின் வாசனையே மாறிவிட்டது. அதுவரை "நீ பொய்" என்றவர்கள், அதன் பிறகு "நீ விலைபோய்விட்டாய்" என்றார்கள். இரண்டாவதில் வருத்தம் குறைவு, வயிற்றெரிச்சல் அதிகம். இதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

இப்போதைய சண்டைகளோடு ஒப்பிட்டால் எனக்குத் தெரிகிற ஒரு வித்தியாசம், அன்று எதிரியின் வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் எதிர்த்தார்கள். அந்த எலக்ட்ரீஷியன் அளவுக்கு அந்த அம்மாவை உன்னிப்பாகப் பார்த்தவர் அவருடைய பக்கத்து ஆட்களிலேயே யாரும் இல்லை. இப்போது வெட்டி ஒட்டிய முப்பது விநாடித் துண்டு போதுமாக இருக்கிறது. வீடியோ ரெஸ்பான்ஸை 2013 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். 10 லட்சத்துக்கு 4 தடவைதான் அதை யாராவது அழுத்துகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். கணக்குப்படி நியாயம்தான்.

நானும் ஒரே ஒரு ரெஸ்பான்ஸ் போட்டிருக்கிறேன். தம்பியின் வெப்கேமை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி 3 மணிக்கு அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுப் பேசினேன். பதினோரு தடவை எடுத்தேன். முதலாவதில் பாதியில் அம்மா விழித்துக்கொண்டு உள்ளேயிருந்து, "யாரு கூடக் கண்ணு இந்நேரத்துல பேசிட்டிருக்கற?" என்று கேட்பது நன்றாகவே பதிவாகியிருந்தது. மற்ற பத்தும் சுத்தமாக வந்திருந்தன. ஆனால் போட்டுப் பார்த்தால், மனப்பாடம் செய்து ஒப்பிப்பது மாதிரி எனக்கே சகிக்கவில்லை. முதலாவதையே ஏற்றினேன், முக்கால் மணி நேரம் ஆனது.

அந்த அம்மா அனுமதித்துவிட்டார். அதற்குக் கீழே எலக்ட்ரீஷியனின் கமெண்ட்தான் முதலில் வந்தது: "எத்தனை டேக்?"

"11. இது முதலாவது" என்று எழுதினேன்.

மறுநாள் 2 மணிக்குப் பார்த்தபோது அவர் இன்னொன்று எழுதியிருந்தார்: "உள்ளேயிருந்து பேசியது உன் அம்மாவா? என்ன கேட்டார்?"