இரவில் தோட்டத்துக்கு வந்து பழகிய நாயைப் பகல் வழக்கத்துக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: கேத்தி பள்ளத்தாக்கில் ஒன்றரை ஏக்கரில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வருகிறேன். மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதால் நள்ளிரவுக்குப் பிறகு அறுவடைக்கு இறங்குவது எங்கள் வழக்கம். ஐந்து வயதான நாட்டு நாய் ஒன்று எப்போதும் உடன் வரும். சிறுத்தை நடமாட்டம் கூடிவிட்டதால் இப்போது விடிந்த பிறகே தோட்டத்துக்குப் போகிறோம். நாயை இரவில் பழைய விதைக்கிழங்குக் கொட்டகையில் அடைக்கிறோம். அது இரவெல்லாம் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டுகிறது, பகலில் தூங்குகிறது, சோற்றைச் சரியாகத் தொடுவதில்லை. சங்கிலியில் கட்டினால் அடங்குமா? துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா?

பதில்: நாயை இரவில் வெளியே விடக் கூடாது என்று நீங்கள் எடுத்த முடிவு சரியானது. குடியிருப்புகளை ஒட்டித் திரியும் சிறுத்தைக்கு நாய் எளிதில் கிடைக்கும் இரை என்பது நீலகிரியில் எல்லோரும் அறிந்ததே. ஆனால் அதன் வேலை, படுக்குமிடம், உணவு நேரம் ஆகிய மூன்றையும் நீங்கள் ஒரே நாளில் மாற்றியிருக்கிறீர்கள். நள்ளிரவில் எழுந்து உங்களோடு நடந்து, மூட்டைகள் ஏற்றி முடியும் வரை காவல் இருந்து, காலையில் சாப்பிட்டுவிட்டுப் பகலில் உறங்குவதுதான் அதற்குத் தெரிந்த வாழ்க்கை. அதே நேரத்தில் இன்றும் அது விழித்துக்கொள்கிறது. விழித்ததும் கதவு பூட்டியிருக்கிறது, நீங்கள் அருகில் இல்லை. அது அடம் பிடிக்கிறது என்று எண்ண வேண்டாம். பகலில் தூங்கி முடித்த நாயை இரவிலும் தூங்கு என்றால் அதனால் முடியாது. ஆகவே முதலில் மாற்ற வேண்டியது அதன் பகலைத்தான்.

இயல்பாகவே நாய்க்கு விடியலிலும் அந்தி வேளையிலும் சுறுசுறுப்பு அதிகம். நண்பகலில் சோம்பல் தட்டும். நண்பகல் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. காலை பத்து மணிக்குப் படுத்தால் மாலை வரை எழுவதில்லை என்ற நிலையைத்தான் உடைக்க வேண்டும். காலையில் நீங்கள் அறுவடைக்கு இறங்கும்போதே அதையும் அழைத்துச் செல்லுங்கள். கேரட் கழுவும் இடத்துக்கும் லோடு ஏற்றும் இடத்துக்கும் உடன் வரட்டும். பிற்பகலில் இருமுறை எழுப்பி, பெயர் சொல்லி அழைத்து, சிறிது நேரம் வேலை கொடுங்கள். மாலை நான்கரை மணியளவில் கயிற்றில் பிடித்துத் தோட்ட வரப்புகளைச் சுற்றி அரை மணி நேரமாவது நடத்துங்கள். பழைய காவல் சுற்று பகலுக்கு இடம்பெயர்ந்துவிட்டதை இந்த நடைதான் அதற்கு உணர்த்தும். மார்கழி, தை மாதங்களில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதாலும், அந்தி நேரத்தில் சிறுத்தையும் கரடியும் வெளியே வரும் என்பதாலும், ஐந்தரை மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது.

அடுத்தது உணவு. நாயின் உடம்பு நேரம் அறிவதற்கு வெளிச்சத்துக்கு அடுத்தபடியாகத் துணை செய்வது உணவு வேளைதான். இதுவரை காலையில் போட்ட பெரிய பங்கைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அந்த அளவை மாலை நடைக்குப் பிந்திய உணவில் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு வாரத்தில் மாலை உணவே முதன்மை உணவாகிவிடும். நடந்து வந்ததும் தட்டை வைக்காமல், அரை மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு வையுங்கள். இருபது நிமிடத்தில் உண்ணாவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். நாள் முழுவதும் கிடக்கும் சோறு பசியைக் கெடுக்கும். வீட்டுக் குழம்பைச் சோற்றில் ஊற்றும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச்சோகையை உண்டாக்கும்.

இனிக் கொட்டகைக்கு வருவோம். அங்கே நாயைப் பழக்குவதற்கு முன் அந்த இடத்தை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். விதைக்கிழங்கு வைத்த இடத்தில் முளைவிட்ட கிழங்கும் பச்சை நிறம் ஏறிய கிழங்கும் ஒதுங்கிக் கிடக்கும். அவற்றைக் கடித்தால் நாய்க்கு நஞ்சு. அதைவிட ஆபத்தானது, நத்தைக்காக வைக்கும் மெட்டால்டிஹைடு குருணை. அதன் மணமும் சுவையும் நாயை இழுக்கும். தின்றால் சிறிது நேரத்திலேயே நடுக்கமும் வலிப்பும் கண்டு உயிர் போகலாம். எலி மருந்து, பூச்சிக்கொல்லி, உர மூட்டை எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். கூரையும் சுவரும் சிறுத்தை பிரித்து நுழைய முடியாதபடி உறுதியாக இருக்க வேண்டும். கோழிக்கூண்டுக் கம்பிவலை போதாது. கதவுக்கு அடியில் இடைவெளி கூடாது. உறைபனிக் காலத்தில் தரைக் குளிர் ஏறாமலிருக்கப் பலகையை ஒரு சாண் உயரத்தில் போட்டு, அதன்மேல் உலர்ந்த சாக்குகளை விரியுங்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று மூடிய கொட்டகைக்குள் கரி அடுப்பை மட்டும் வைத்துவிடாதீர்கள். அதன் புகையிலுள்ள நச்சு வாயு மனிதரையே கொல்லும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் உடனே பூட்ட வேண்டாம். முதல் வாரம் இரவில் நாய் வீட்டுக்குள், சமையலறை மூலையிலோ கதவுள்ள திண்ணையிலோ உங்கள் காதுக்கு எட்டும் தூரத்தில் படுக்கட்டும். அந்த வாரம் முழுவதும் மாலை உணவைக் கொட்டகைக்குள், கதவைத் திறந்து வைத்தே கொடுங்கள். அது தயங்காமல் உள்ளே போய்ச் சாப்பிடத் தொடங்கியதும், சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கதவைச் சாத்துங்கள். பிறகு கால் மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் என்று நீட்டுங்கள். அமைதியாக இருக்கும்போதே திறந்துவிட வேண்டும். ஊளையிடும்போது திறந்தால், ஊளையிட்டால் கதவு திறக்கும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: வாயில் எச்சில் வழிய, நகம் பெயரும் அளவுக்கு அது கதவைப் பிறாண்டினால், அது மிரண்டுவிட்டது என்று பொருள். அப்போது அழட்டும் என்று விடாமல், முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

இரவில் எழும் ஓசைகள் எல்லாம் ஒன்றல்ல. நீண்டு இழுக்கும் ஊளை தனிமையால் வருவது. ஒரே திசையை நோக்கி, விட்டு விட்டு, வெடுக்கென்று குரைத்தால் காட்டெருமையோ கரடியோ சிறுத்தையோ அருகில் இருக்கக்கூடும். அந்தக் குரைப்பை அடக்க வேண்டாம். கதவைத் திறந்து வெளியே இறங்கவும் வேண்டாம். உள்ளிருந்தே விளக்கைப் போடுங்கள்.

சங்கிலியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெளியே கட்டிய நாய் ஓடவும் முடியாமல் ஒளியவும் முடியாமல் சிறுத்தைக்கு வைத்த இரையாகிவிடும். மேலும், நாயை வழக்கமாகச் சங்கிலியிலேயே வைத்து நடமாட விடாதிருப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றமுமாகும்.

சோற்றைத் தொடாததற்குப் பழக்க மாற்றம் மட்டுமே காரணம் என்று இருந்துவிடவும் கூடாது. காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாயும் இப்படித்தான் சோர்ந்து படுக்கும், தின்ன மறுக்கும். உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு. அதற்கு மேல் போனாலோ, இரண்டு நாள் முழுமையாக உணவை மறுத்தாலோ, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். குரல் மாறி, விழுங்க முடியாமல், எச்சில் ஒழுகினால் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதீர்கள். வெறிநோய் என்றே கருதித் தனியே பூட்டிவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்குப் பெயர்பெற்ற பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரிலேயே இருந்தும், ஆண்டுத் தடுப்பூசி போடாத தோட்ட நாய்கள் இங்கு குறைவில்லை. உங்கள் நாய்க்கு விடுபட்டிருந்தால் இந்த மாதமே போட்டுவிடுங்கள்.

ஐந்து வயது நாய் பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் பழகிவிடும். அதுவரை உணவு வைப்பவரும் கொட்டகைக்கு அழைத்துச் செல்பவரும் ஒருவராகவே இருக்கட்டும். ஞாயிறு, திருவிழா என்று எந்த நாளிலும் நேரம் தவற வேண்டாம். விலை ஏறியிருக்கிறது, இன்று ஒருநாள் மட்டும் இரவில் அறுத்துவிடலாம் என்று அதையும் கூட்டிக்கொண்டு இறங்கினால், மறுநாள் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

துணைக்கு இன்னொரு நாயை இப்போது வாங்க வேண்டாம். உங்கள் நாய் தேடுவது உங்களையும் தன் பழைய வேலையையும்தானே தவிர, மற்றொரு நாயை அன்று. புதிதாக வரும் குட்டி இதனிடமிருந்து ஊளையைத்தான் முதலில் கற்கும். இது ஒரு மாதம் தொடர்ந்து இரவில் அமைதியாக உறங்கிய பிறகும் துணை வேண்டும் என்று தோன்றினால், முதல் சுற்றுத் தடுப்பூசிகள் முடிந்த குட்டியாகப் பார்த்து வாங்கி, அதையும் மாலை உணவுக்கு இதே கொட்டகையில், கதவைத் திறந்து வைத்தே பழக்குங்கள்.