கிட்னி மாத்தியாச்சு, தெம்பு எப்ப வரும்?

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு கிட்னி மாத்தி நாலு மாசம் ஆகுது, மாமியார்தான் குடுத்தாங்க. ஆனா இவருக்கு முகம் ஊதிப்போய் இருக்கு, காபி டம்ளரைப் பிடிச்சா கை நடுங்கி சிந்துது, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறார். சொந்தக்காரங்க "அதான் மாத்தியாச்சே, இன்னும் ஏன் வேலைக்குப் போகல"ன்னு கேக்கறாங்க. போன வாரம் ரத்த டெஸ்ட்ல, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் 1.2ல இருந்து 1.4 ஆயிடுச்சு, எனக்கு தூக்கமே போச்சு.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த சொந்தக்காரங்களுக்கு பதில் சொல்லிட்டு இருக்காதீங்கம்மா, மாத்தினா மறுநாளே எழுந்து ஓடலாம்னு அவங்களுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. முகம் ஊதறது ஸ்டீராய்டு வேலை, கை நடுக்கம் பெரும்பாலும் புது கிட்னியை உடம்பு ஒதுக்காம இருக்கக் குடுக்கற டாக்ரோலிமஸ் மாத்திரையால வர்றது, டாக்டர் டோஸைக் குறைக்க குறைக்க ரெண்டும் அடங்கும், ஆனா நடுங்குதேன்னு நீங்களா ஒரு மாத்திரையைக்கூட நிறுத்திடாதீங்க, உடம்பு புது கிட்னியை வெளியாள்னு விரட்ட ஆரம்பிச்சிடும், அதைத்தான் ரிஜெக்‌ஷன்னு சொல்றாங்க.

கோவத்துலயும் ஸ்டீராய்டுக்கு பங்கு உண்டு, அதுக்காக மொத்தப் பழியையும் அது தலையில போட முடியாது. டயாலிசிஸ்ல இருந்தப்ப மாத்திட்டா சரியாயிடும்னு ஒரு நம்பிக்கை இருந்திருக்கும், இப்ப மாத்தியும் இப்படியேன்னு தோணும், போதாக்குறைக்கு அம்மா வயித்தைக் கிழிச்சு வாங்கிட்டோமேங்கற குறுகுறுப்பு வேற, அதை ஆம்பளைங்க எங்க வாயைத் திறந்து சொல்றாங்க. அடுத்த செக்கப்ல இதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கிரியேட்டினின் விஷயம்: தண்ணி கம்மியா குடிச்சாலும் ஏறும், வயித்தால போனாலும் ஏறும், டாக்ரோலிமஸ் ரத்தத்துல கூடினாலும் ஏறும், ரிஜெக்‌ஷன் ஆரம்பிச்சாலும் இப்படித்தான் ஏறும். எதுன்னு வீட்ல உக்காந்து கண்டுபிடிக்க முடியாது, அதனால இதைப் படிக்கிற நேரத்துல டாக்டருக்கு போன் போட்டிருக்கணும். இன்னொண்ணு, மருந்து லெவல் பாக்கப் போற அன்னிக்கு காலை டாக்ரோலிமஸ் மாத்திரையைப் போடாம போய் ரத்தம் குடுத்துட்டு அப்புறம் போடணும், நிறைய பேர் மாத்திரையைப் போட்டுட்டு லேபுக்குப் போய் லெவல் எக்கச்சக்கமா இருக்குன்னு பதறுவாங்க. காய்ச்சல் 100.4 தொட்டாலோ, யூரின் குறைஞ்சாலோ, புது கிட்னி வச்ச அடிவயித்துல வலிச்சாலோ ராத்திரின்னு பாக்காம கிளம்பிடுங்க.

ஆமா, மாமியார் செக்கப் போறாங்களா? குடுத்தவங்களை எல்லாரும் மறந்துடறாங்க. ஒத்தை கிட்னியில நல்லா இருக்கலாம், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிபி, யூரின்ல புரோட்டீன், கிரியேட்டினின் மூணும் பாக்கணும்.

கேள்வி: தம்பிக்கு கிட்னி மாத்தியிருக்கு. எதிர்ப்பு சக்திக்குன்னு அத்தை லேகியம் கிண்டி அனுப்பியிருக்காங்க, குடுக்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கத்தான் அவருக்கு தினமும் மாத்திரையே குடுக்கறாங்க, அதுல போய் லேகியமா! பம்ப்ளிமாஸ் பழமும் ஆகாது, மருந்து லெவலை ஏத்தி விட்டுடும். தலைவலி, மூட்டுவலின்னு மெடிக்கல் ஷாப்புல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடணும். அத்தைகிட்ட ருசி பிரமாதம்னு சொல்லிட்டு லேகியத்தை நீங்க சாப்பிடுங்க.