ஏஜென்ட் எதுக்கு?

கேள்வி: தொண்டு நிறுவனத்துல 3 வருஷமா வேலை பாக்குறேன் சார், வயசு 34. வெளிநாட்டுல டெவலப்மென்ட் ஸ்டடீஸ் படிக்க ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? ஏஜென்ட் ஒருத்தர் 40 ஆயிரம் கேக்குறார்.
- வாசகி, விழுப்புரம்

பதில்: அவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்கம்மா. பிரிட்டிஷ் அரசாங்கத்தோட செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளிகேஷன் ஃபீஸும் இல்ல, வயசு வரம்பும் இல்ல, டிகிரியும் 2,800 மணி நேர வேலை அனுபவமும் இருந்தா அப்ளை பண்ணலாம், ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கு ஃபீஸ், பிளைட் டிக்கெட், மாசச் செலவு எல்லாம் அவங்களே குடுத்துடுவாங்க, ஆனா முடிச்சதும் ஊருக்குத் திரும்பி 2 வருஷம் இருந்தாகணும். அப்ளிகேஷன்ல எழுதுற கட்டுரைலதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. 'சேவை செய்ய ஆசை'ன்னு எல்லாரும்தான் எழுதுவாங்க (படிக்கிறவங்களுக்கே தூக்கம் வந்துரும்), நீங்க எந்தக் கிராமத்துல எதை மாத்தினீங்கன்னு எழுதுங்க. அப்ளிகேஷனை வழக்கமா ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு அக்டோபர்ல மூடிடுவாங்க.