ஜிம்னியை நிறுத்திவிடுவார்களா?

கேள்வி: ஆசைப்பட்டு மாருதியின் ஃபோர்-வீல் டிரைவ் வண்டியான ஜிம்னி வாங்கினேன். "விற்பனையே இல்லை, சீக்கிரம் நிறுத்திடுவாங்க, இப்பவே தள்ளிவிட்டுடு" என்கிறார் மச்சான். விற்றுவிடலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: மச்சான் சொல்வதில் பாதி சரி. 2023-இல் வந்த ஐந்து கதவு ஜிம்னி இங்கே பெரிதாக விற்கவில்லை. ஆனால் குருகிராமில் செய்த அதே வண்டி கப்பலேறிப் போகிறதே! 2025 தொடக்கத்தில் ஜப்பானில் 'நோமேட்' என்று இறக்கினார்கள். சில நாளிலேயே சுமார் 50,000 பேர் பதிய, ஆர்டர் வாங்குவதையே நிறுத்திவைத்தார்கள்.

நாளைக்கே நிறுத்தினாலும் இன்ஜின் கவலை வேண்டாம். அது மாருதியின் சியாஸ் காரிலும் பழைய எர்டிகாவிலும் ஓடிய கே15பி இன்ஜின்தான். எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். என் பயமெல்லாம் ஹெட்லைட், ஸ்டெப்னி தொங்கும் பின்கதவு, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மீதுதான். இவை இதற்கென்றே செய்தவை. அதனால், பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் பம்பர்-டு-பம்பர் இன்சூரன்ஸை விடாதீர்கள். அப்புறம், மாதம் ஒருமுறையாவது ஃபோர்-வீல் டிரைவ் போட்டு மண் தரையில் ஓட்டுங்கள், தார் ரோட்டில் வேண்டாம்.

தோட்டத்து மண்தடம், மலைப்பாதை என்று வேலை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் ஓட்டம் என்றால், மச்சானிடமே விலை கேட்டுப் பாருங்கள்.