எச்.எம்.வி இசைத்தட்டு லேபிளில் கிராமபோன் குழாய் முன்னால் காது கொடுத்துக் கேட்கும் நாய், தன் எஜமானின் சவப்பெட்டி மேல்தான் உட்கார்ந்திருக்கிறதா?

இல்லை. ஆனால் நம் ஊரில் இசைத்தட்டு இருந்த வீடுகளில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. எனக்குச் சொன்னது பெரியப்பா. "எஜமான் செத்துட்டார். அவர் குரல் தட்டுலேர்ந்து வருது. நாய் பெட்டி மேல உக்காந்து கேக்குது. பளபளன்னு பாலிஷ் போட்ட பலகை தெரியுதா, பாரு!" என்று லேபிளைக் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டுவார். சிறு பையனுக்கு அது போதாதா? அன்றிலிருந்து அந்தப் பலகை எனக்குச் சவப்பெட்டியாகவே தெரிந்தது.

நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய தட்டு ஓடினால் லேபிளில் இருக்கும் நாய் கலங்கி ஒரு வளையமாகிவிடும். பின்னால் வந்த எல்.பி. தட்டு மெதுவாகச் சுற்றும். தலையைக் கூடவே உருட்டினால் நாயைத் துரத்திப் பார்க்கலாம். எம்.எஸ். பாடி 1963-ல் எச்.எம்.வி வெளியிட்ட சுப்ரபாதம் காலையில் ஓடும்போது இதைச் செய்து குட்டு வாங்கியிருக்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம். அந்த நாய் நிஜமாகவே இருந்தது. பெயர் நிப்பர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1884-ல் பிறந்த டெரியர் கலப்பு. வீட்டுக்கு வருகிறவர்களின் காலைக் கவ்வுகிற குணத்தால் அந்தப் பெயர். வளர்த்தவர் மார்க் பாரோ, நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைபவர். அவர் 1887-ல் இறந்துபோக, நாய் ஓவியரான தம்பி பிரான்சிஸ் பாரோவிடம் வந்தது. நாயும் 1895-ல் செத்தது. பிரான்சிஸ் படத்தை வரைந்தது 1898 வாக்கில்தான். ஆக, செத்துப்போனவர் குரலை நாய் கேட்பதாக ஊரே சொன்னது. வரையும்போது நாயே உயிரோடு இல்லை!

இறந்த அண்ணனின் குரலைப் பதிந்து வைத்திருந்தார்கள், அதைத்தான் நாய் கேட்டது என்று இன்னொரு கதையும் உண்டு. காலக்கணக்கு இடிக்கிறது. குரல் பதியும் எடிசனின் மெழுகு உருளைக் கருவி, அதாவது மெழுகு உருளை போனோகிராப், வந்ததே 1888-ல், அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு. பிரான்சிஸே பிற்பாடு சொன்னது இவ்வளவுதான்: வீட்டில் ஒரு போனோகிராப் இருந்தது, குரல் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் நாய் குழம்பி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறார், ஒருநாள் அதை வரைந்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. சவப்பெட்டிப் பேச்சே கிடையாது. அந்தப் பளபளப்பு மெருகேற்றிய மரம், அவ்வளவுதான்.

எனக்குச் சவப்பெட்டியைவிடச் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. முதலில் வரைந்த படத்தில் இருந்தது கிராமபோன் அல்ல, உருளை வைத்துச் சுற்றும் போனோகிராப். அதில் பாட்டும் கேட்கலாம், நம் குரலையும் பதியலாம். 'எஜமானின் குரல்' (ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ், சுருக்கமாக எச்.எம்.வி) என்ற படத்தின் தலைப்பு அதற்குத்தான் கச்சிதம்: எஜமான் பேசிப் பதிந்திருக்கிறார், நாய் கேட்கிறது. பிரான்சிஸ் படத்தை விற்க அலைந்தார். போனோகிராப் விற்ற கம்பெனிக்காரர்கள், நாயெல்லாம் போனோகிராப் கேட்குமா என்று திருப்பி அனுப்பினார்களாம்.

படத்தில் கருவியின் ஒலி வெளிவரும் குழாய் கறுப்பு. பித்தளைக் குழாயாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று யாரோ யோசனை சொல்ல, பார்த்து வரைய ஒரு குழாயை இரவல் கேட்டு லண்டனில் இருந்த கிராமபோன் கம்பெனிக்குப் போனார். அங்கே பொறுப்பில் இருந்த வில்லியம் பாரி ஓவன், "உங்கள் கருவியை அழித்துவிட்டு எங்கள் கிராமபோனை வரைந்து கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம்" என்றார். 1899-ல் அப்படியே மாற்றி வரைந்தார். படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு. ஒளி சாய்வாக விழுந்தால் மேல் பூச்சுக்கு அடியில் பழைய கருவியின் உருவம் தெரியும் என்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தட்டு வைத்த கிராமபோனில் வீட்டில் யாரும் குரல் பதிய முடியாது, கடையில் வாங்கிய தட்டைத்தான் கேட்க முடியும். எஜமானர் பாடகராக இருந்தாலொழிய அந்த நாய்க்கு அவர் குரல் கேட்க வழியே இல்லை. படத்தின் அர்த்தம் போய்விட்டது, படம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. பிரான்சிஸ் 1924-ல் இறக்கும்வரை அதே படத்தைக் கம்பெனிக்காகத் திரும்பத் திரும்ப வரைந்து கொடுத்தார். 24 பிரதிகள் என்று கணக்கு.

நமக்கு வந்த தட்டுகள் பெரும்பாலும் கல்கத்தா பக்கம் டம்டம் தொழிற்சாலையில் அச்சானவை. அதை நடத்திய எச்.எம்.வி.யின் இந்தியக் கம்பெனிதான் பின்னால் சரிகம ஆனது. சினிமாப் பாட்டுத் தட்டுகளில் இறக்கை வைத்த தேவதை படமும் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கம்பெனியின் முத்திரைதான், நாய் முத்திரைக்கும் மூத்தது. எங்கள் தெருவில் ஒலிபெருக்கி வைத்திருந்தவர் நாய், தேவதை என்றுதான் தட்டுகளைப் பிரித்து அடுக்குவார். கல்யாண வீட்டுத் தென்னையில் அவர் கட்டுகிற குழாயும் படத்தில் இருந்த குழாயும் எங்களுக்கு ஒன்றுதான். நாய் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டு அவர் உயிரை வாங்குவோம்.

இந்த நாய்க்கு இப்போது நாட்டுக்கு ஒரு எஜமான். பிரிட்டனில் எச்.எம்.வி கடைகள், அமெரிக்காவில் ஆர்.சி.ஏ, ஜப்பானில் ஜே.வி.சி என்று ஆளுக்கொரு கம்பெனியிடம் படத்தின் உரிமை பிரிந்து கிடக்கிறது. புதைத்த இடம் லண்டனை ஒட்டிய கிங்ஸ்டன். அங்கே பின்னால் வங்கிக் கட்டடம் எழும்பி, சுவரில் ஒரு பலகை வைத்தார்கள். பக்கத்துச் சந்துக்கு 2010-ல் நிப்பர் பெயரைச் சூட்டினார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரத்தில் ஒரு பழைய கிடங்கின் கூரைமேல் 28 அடி உயரத்தில் சிலையாகவும் உட்கார்ந்திருக்கிறது. விமானம் எதுவும் மோதிவிடாமல் இருக்க அதன் காதில் ஒரு விளக்குப் போட்டிருக்கிறார்கள்.