ஆர்க்கிடெக்ட் ஆகப் போகிற பெண்ணுக்கு அட்வான்ஸ் எதற்கு?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பயோ-மேத்ஸ் குரூப். பி.ஆர்க் படிக்க வேண்டும் என்று பிடிவாதம். 'கட்டட வேலை பெண்பிள்ளைக்கு ஆகாது, சாரம் ஏறணும்' என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒருவர், நுழைவுத்தேர்வு எழுதாமலே சீட் வாங்கித் தருவதாகச் சொல்லி 50,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார். மகளின் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டிசியும் அவரிடம் இருக்கின்றன. என்ன செய்வது? – தக்கலையிலிருந்து ஒரு தாய்.

பதில்: அம்மா, கடிதம் முழுக்கச் சாரத்தைப் பற்றிய பயம்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது கடைசி வரி.

சாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நாகர்கோவிலில் வேலை நடக்கிற ஏதாவது ஒரு கட்டடத்துக்குக் காலையில் போய்ப் பாருங்கள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறுகிற சித்தாள் பெரும்பாலும் ஒரு பெண்ணாகத்தான் இருப்பாள். அவளைப் பார்த்து எந்த மாமாவும் கவலைப்பட்டதில்லை. பிளானைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ஏறினால் மட்டும் குடும்ப மானம் ஆடிப்போகிறது. மேஸ்திரி ஆரம்பத்தில் 'சார் வரலியா மேடம்?' என்று கேட்கத்தான் செய்வார். தூண் கம்பியில் டேப்பை வைத்து, 'ரிங் இடைவெளி கூடிப்போச்சு, அவிழ்த்துக் கட்டுங்க' என்று சொல்லி, கட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்றால் அப்புறம் கேட்க மாட்டார். பெரின் மிஸ்திரி என்ற பெண் மும்பையில் கட்டடக்கலை டிப்ளமா வாங்கியது 1936-ல். ஷீலா ஸ்ரீபிரகாஷ் சென்னையில் சொந்த அலுவலகம் தொடங்கியது 1979-ல். பெண்ணால் முடியுமா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது நம் ஊர்க் கல்யாண வீட்டுப் பந்தியில் மட்டும்தான்.

சரி, அந்த மார்த்தாண்டத்துக்காரரிடம் வருவோம். பி.ஆர்க் ஐந்து வருடப் படிப்பு. அதை முடித்து, ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்து எண் வாங்கினால்தான் உங்கள் மகள் ஆர்க்கிடெக்ட். அந்த எண் கிடைக்க, சேரும்போதே 'நாட்டா' என்ற தகுதித்தேர்வில் தேறியிருக்க வேண்டும். தேர்வே எழுதாமல் சேர்த்துவிட்டால் கல்லூரி பீஸ் வாங்கும், வகுப்பும் நடத்தும். ஐந்து வருடம் கழித்துப் பதிவுக்குப் போய் நிற்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். சீட் வாங்கித் தந்தவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

இதில் ஒரு விலக்கு உண்டு. புரோக்கர்கள் பிழைப்பதே அதை வைத்துத்தான் என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். ஜேஇஇ மெயின் என்ற அகில இந்திய நுழைவுத்தேர்வில் பொறியியலுக்கு ஒரு தாள், பி.ஆர்க்குக்கு வேறொரு தாள். இந்த இரண்டாவது தாளை எழுதியவர்களை நாட்டா இல்லாமலே சேர்த்துக்கொள்ளலாம். திருச்சி என்ஐடி போன்ற இடங்களுக்கு அந்தத் தாள்தான் கணக்கு, நாட்டா அங்கே செல்லாது. ஆகவே 'நாட்டா எழுதாமல் சேரலாம்' என்று அவர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை, அதாவது அதற்குப் பதில் ஜேஇஇயின் பி.ஆர்க் தாள் வேண்டும் என்பதை, அவர் வாயால் சொல்ல மாட்டார். பொறியியலுக்கான முதல் தாளை எழுதிய பிள்ளைகளையும் இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள். அதுவும் ஜேஇஇ, இதுவும் ஜேஇஇ என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். இரண்டில் எதையும் எழுதாத பிள்ளைக்குப் பின்வாசல் கிடையாது. இந்த ஆண்டு நாட்டா இனி இல்லையென்றால் அடுத்த ஆண்டு எழுதட்டும், ஒரு வருடம் போனால் போகட்டும். கல்லூரிக்கு அனுமதி இருக்கிறதா, எத்தனை இடம் என்பதெல்லாம் கவுன்சிலின் இணையதளத்திலேயே கிடக்கிறது. கல்லூரி வரவேற்பறையில் தொங்கும் பிரேம் போட்ட சான்றிதழை நம்ப வேண்டாம்.

பதிவு எண் இல்லாமலே ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டியவர்கள் நம் மாவட்டத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? 1972-ம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டத்தின் 37-வது பிரிவின்படி, முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 500 ரூபாய் வரை. போர்டுக்குப் பெயின்ட் அடித்த கூலி அதைவிட அதிகம். சட்டம் காப்பாற்றுவது பெயரைத்தான், தொழிலை அல்ல என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முறையாகப் படித்த பெண்ணும் இந்தப் போர்டுக்காரர்களோடுதான் போட்டி போட வேண்டியிருக்கிறது. எரிச்சல்தான், என்ன செய்ய?

நாட்டாவில் வரைதல் உண்டு. அதற்கு ரெடிமேட் படம் மனப்பாடம் செய்யச் சொல்லும் கோச்சிங்கில் பணம் போடாதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது, திங்கள்கிழமை விடுமுறை. ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் மரச் சட்டங்கள் வெயிலை எப்படி வடிகட்டுகின்றன, முகப்பு மண்டபமான பூமுகத்தின் கூரைச் சரிவு மழையை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று உட்கார்ந்து பார்த்து வரையட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பளம் ஐடிக்காரப் பிள்ளைகளைவிடக் குறைவுதான், மறைக்கவில்லை. பல அலுவலகங்களில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அதனால் 26 வாரப் பேறுகால விடுப்புச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பாலியல் தொல்லை என்றால் அங்கே உள் விசாரணைக் குழு இருக்காது, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம்.

இப்போது உடனே செய்ய வேண்டியது: பேச்சை வளர்க்காமல் ஒரிஜினல்களைத் திரும்ப வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். 'கல்லூரியில் கொடுத்துவிட்டேன்' என்றால் எந்தக் கல்லூரி, என்றைக்கு என்று எழுதி வாங்குங்கள். ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கே உரிமை கிடையாது, யுஜிசி விதி அப்படி. இவருக்கு எங்கிருந்து வரும்? தர மறுத்தால் மார்த்தாண்டம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.